குதிரையின் நெஞ்சுக்குள் கேட்டது

ஒன்பதாம் வகுப்பில் அவளை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கின்மேல் தடித்த கண்ணாடி உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர். அதற்கு யாரும் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய தோழியின் பெயர் குதிரை. மைதானத்தில் அவள் ஓடுவதை முதன்முதலாகப் பார்த்த அன்று பி.டி. சார், "இது பொண்ணா, குதிரையா?" என்று வாயைப் பிளந்தார். அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. அவளும் அதை வசவாக நினைக்கவில்லை. யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட மறந்துபோவாள்.

இரண்டு பேரும் சேர்ந்தது ஆறாம் வகுப்பில். பள்ளிக்கு வந்த புதிதில் ஒரு தடியன் கண்ணாடியின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அவள் நின்ற இடத்திலேயே நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோது, பெயர் தெரியாத ஒருத்தி அவனை மைதானத்தைச் சுற்றித் துரத்தி, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து, "மாட்டி விடுடா" என்றாள். அவன் மாட்டிவிட்டான். முதலில் தெளிவாகத் தெரிந்த முகம் குதிரையின் முகம்தான்.

ஒன்பதாம் வகுப்பு படித்த அந்த வருடம் பள்ளியில் சவால் வாரம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மாணவர்களைக் குழு குழுவாகப் பிரித்தார்கள். காலையில் ஒவ்வொரு குழுவும் ஓர் அறிவியல் சோதனை செய்ய வேண்டும். மதியத்துக்கு மேல் வெளியே போய் ஏதாவது வீரம் காட்ட வேண்டும்: கயிற்றுப் பாலத்தில் நடப்பது, காலிப் பீப்பாய்களைக் கட்டி மிதவை செய்து குளத்தைக் கடப்பது, கடைசி நாள் ஊருக்கு வெளியே இருக்கிற மலையில் கயிறு பிடித்துப் பாறை ஏறுவது. 'இதுவரை செய்யாததைச் செய்' என்று எழுதி நுழைவாயிலில் ஒரு துணியைக் கட்டினார்கள். அதைப் பார்க்காமல் இருக்கக் கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போவாள். மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறினால் உயிர் தொண்டைக்கு வந்துவிடும்.

"எதுக்குடி பயந்து சாகுறே?" என்றாள் குதிரை. "சோதனையெல்லாம் நீ பாத்துக்கோ. ஏறுறது, குதிக்கிறது, முங்குறது எல்லாம் என் பொறுப்பு."

"எல்லாரும் எல்லாத்தையும் செய்யணும்னு டீச்சர் சொல்லிருக்காங்களே."

"சொல்வாங்க. உன்னைத் தூக்கிட்டுப் போயாவது அந்தப் பக்கம் போட்டுடுறேன், போதுமா?"

சொன்னதைச் செய்தும் காட்டினாள். கயிற்றுப் பாலத்தில் கண்ணாடி நடுவழியில் உறைந்து நின்றபோது, குதிரை திரும்பி வந்து அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தாள். நடந்துகொண்டே தன் அப்பா ஓட்டுகிற பஸ்ஸில் ஒரு கிழவி ஆட்டுக்கும் டிக்கெட் கேட்டு அடம்பிடித்த கதையைச் சொன்னாள். கிழவி எந்த நிறுத்தத்தில் இறங்கினாள் என்று கேட்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. மறுநாள் மிதவையில், குளத்தின் நடுவே, கண்ணாடி அவள் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். கரை ஏறிய பிறகுதான் குதிரை கையை உதறிவிட்டு, "ரத்தம் வந்திருச்சுடி, ராட்சசி" என்று சிரித்தாள்.

அவர்கள் குழுவில் மூன்றாவதாக ஒரு பையன் இருந்தான். வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர். குழுவுக்கு வந்த தலைப்பு, இதயம். அறிவியல் டீச்சர் ஒரு பிளாஸ்டிக் புனலையும் கொஞ்சம் ரப்பர் குழாயையும் கொடுத்து, "இதை வெச்சு நெஞ்சுச் சத்தத்தைக் கேக்க முடியுமானு பாருங்க. சும்மா இருக்கும்போது எப்படி இருக்கு, ஓடிட்டு வந்தா எப்படி மாறுதுனு கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

புனலின் அகன்ற வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டியது கண்ணாடியின் யோசனை. முதலில் கேட்டது குழாயில் கை உரசுகிற சத்தம் மட்டும்தான். சோதனைக்கூடத்துக்குப் பின்னால் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த சிறிய அறைக்குள் போய், கதவைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது சத்தம் வந்தது. லப்-டப். லப்-டப். ரேடியோவின் நெஞ்சு அது. கண்ணாடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தினமும் பார்க்கிற, எரிச்சல் மூட்டுகிற ஒரு பையனுக்குள் இப்படி ஒன்று அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறதா!

"கேக்குதா? எனக்கு இதயம் இருக்குனு ஊருக்கே சொல்லு. எங்க வீட்டுல நம்ப மாட்டேங்கிறாங்க" என்றான் ரேடியோ.

அதற்குப் பிறகு யார் கிடைத்தாலும் பிடித்துக் கேட்டார்கள். வாட்ச்மேன், பக்கத்துக் குழுப் பெண்கள், தயங்கித் தயங்கி ஒத்துக்கொண்ட டீச்சர். எல்லோருக்கும் ஒரே பாட்டுதான். சிலருக்கு வேகம், சிலருக்கு நிதானம். கடைசியாகக் குதிரை மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, வியர்வை சொட்ட அந்த அறைக்குள் வந்து நின்றாள். கண்ணாடி புனலை வைத்தாள்.

லப்புக்கும் டப்புக்கும் நடுவே ஏதோ ஒன்று சீறியது. வாயைப் பாதி மூடிய குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிப்பது போல, ஸ்ஸ், ஸ்ஸ் என்று ஒவ்வொரு துடிப்புக்கும் வந்தது. கண்ணாடி குழாயை உதறிவிட்டு மறுபடியும் வைத்தாள். அதே சீறல். ரேடியோவை இழுத்து அவன் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். அங்கே சீறல் இல்லை. திரும்பக் குதிரையின் நெஞ்சில் வைத்தாள்.

"என்னடி, ஏதாவது புதையல் இருக்கா உள்ள?"

"உனக்கு மட்டும் வேற மாதிரி கேக்குது."

"உன் ட்யூப்ல ஓட்டை" என்று குதிரை புனலைத் தள்ளிவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் தள்ளினாள். ஆனால் அவள் கை சட்டைப் பொத்தானைப் போட்ட அவசரம் கண்ணாடியின் கண்ணுக்குத் தப்பவில்லை.

அதன் பிறகுதான் சில விஷயங்கள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டன. கொஞ்ச நாளாகப் பயிற்சி முடிந்ததும் குதிரை மற்றவர்களோடு தண்ணீர்க் குழாய்க்குப் போவதில்லை. சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பாள். மிதவையைக் கரைக்கு இழுக்கும்போது அவள் உதடு வெளிறியிருந்தது. குளிர் என்று சொன்னாள். அன்றைக்கு வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணாடி நேராகவே கேட்டுவிட்டாள். குதிரை முதலில் கேலி பண்ணினாள், பிறகு கோபப்பட்டாள், கடைசியில் மூடிக்கிடந்த ஒரு சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு தடவை கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒருதடவை பாத்ரூம்லயே விழுந்துட்டேன். சரியா சாப்பிடல, அதான்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னா? அடுத்த மாசம் விளையாட்டு ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்குறாங்க. நான் நிச்சயமாப் போவேன்னு பி.டி. சார் சொல்லிருக்கார். சாப்பாடு, தங்குறது, படிப்பு எல்லாம் அங்கேயே. அம்மாவும் இல்ல, அப்பாவுக்கு ராத்திரி பகல்னு வண்டி. நானும் தம்பியும் பூட்டின வீட்டுல எத்தனை நாளைக்கு உக்காந்திருக்கிறது? நான் போயிட்டா தம்பியை அத்தை வெச்சுக்கறேன்னு சொல்லிருக்காங்க." அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "நீ வாயைத் திறந்தா, அதோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. விளையாட்டுக்குச் சொல்லல."

கண்ணாடியின் அம்மா ஒரு பேக்கரியில் ரொட்டியை வெட்டி உறையில் போடுகிற வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கால்களை ஒரு முக்காலியில் தூக்கி வைப்பாள், அப்புறம்தான் பேச்சு. கண்ணாடி யாருடைய கதை என்று சொல்லாமல் கேட்டுப் பார்த்தாள். அம்மா பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "அடுத்த வீட்டு விஷயம். அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப்போகுது? பேசாமப் படி" என்றாள். அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு அன்று நின்று நின்று இடுப்பு விட்டுப்போயிருந்தது.

கண்ணாடி பேசாமல்தான் இருந்தாள். மலைக்குப் போகும் நாள் வரை.

அன்று வானம் காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. மழை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பி.டி. சார் எல்லோரையும் விரட்டிக்கொண்டு போனார். குதிரை வழக்கம்போல முன்னால் போனாள். பாதி மலையில் நடுவரிசைக்கு வந்தாள். பாறை கண்ணுக்குத் தெரிந்தபோது கண்ணாடிக்கும் பின்னால் இருந்தாள். மூன்று வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. திரும்பிப் பார்த்தபோது ஒரு மரத்தில் கையை ஊன்றி நின்றுகொண்டு, ஒன்றுமில்லை, போ என்று தலையை அசைத்தாள்.

பாறைக்கு அடியில் இடுப்புப் பட்டை மாட்டினார்கள். குதிரை முதல் ஆளாக நின்றாள். பி.டி. சார் கயிற்றை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு முன்னால் இரண்டே வழிகள் இருந்தன, இரண்டுமே பிடிக்கவில்லை. கால் அதுவாகவே சாரிடம் போனது.

"சார், அவளை ஏத்தாதீங்க. அவ நெஞ்சுல ஏதோ சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்? பசிக்குதோ?" என்று சார் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "உனக்குப் பயமா இருந்தா நீ ஏறாதேம்மா. அவளை ஏன் இழுக்கிறே?"

"பயம் இல்ல சார். ரெண்டு தடவை மயங்கி விழுந்திருக்கா. அவளே சொன்னா."

சிரிப்பு அடங்கியது. குதிரை அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. "பொய் சார்" என்றாள் குதிரை. "பொறாமையில சொல்றா."

அறிவியல் டீச்சர் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். சவால் வாரக் கண்காட்சிக்குப் படம் எடுப்பதற்காகப் புனலும் குழாயும் அவர் பையிலேயே இருந்தன. யாரும் பேசக் கூடாது என்று கையைக் காட்டிவிட்டு, குதிரையின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு தன் நெஞ்சில் வைத்துக் கேட்டார். மறுபடியும் குதிரையிடம் வந்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். "பட்டையைக் கழட்டுங்க சார்" என்றார், யாரையும் பார்க்காமல்.

பட்டையைக் கழற்றும்போது குதிரை அழவில்லை. கொக்கியைக்கூட அவளே விடுவித்தாள். டீச்சர் அவளைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிக்கொண்டு போனார். அவள் கையை உதறிவிட்டுத் தனியாக நடந்தாள். வந்த வழியில் நிழல் போல இறங்கி, வளைவில் மறைந்தாள்.

வந்ததற்கு மற்றவர்கள் ஏற வேண்டுமே என்று சார் ஆட்களைக் கூப்பிட்டார். "நீ ஏறுறியா?" என்று கண்ணாடியைக் கேட்டபோது, அவர் கேட்டது அவள் காதில் சரியாக விழவில்லை, தலையை ஆட்டிவிட்டாள். பட்டை மாட்டினார்கள். அவள் ஏறினாள். கை எங்கே பிடித்தது, கால் எங்கே ஊன்றியது, ஒன்றும் நினைவில்லை. உச்சியில் நின்றபோது கீழே ஊர் முழுவதும் தெரிந்தது. தலை சுற்றவில்லை. பயமும் வரவில்லை. உள்ளே எதுவுமே இல்லாதது போல இருந்தது. கீழே ரேடியோ மட்டும் கை தட்டினான். யாரும் சேர்ந்துகொள்ளாததால் அவனும் நிறுத்திவிட்டான்.

அன்று மாலையே குதிரையின் அப்பா கண்ணாடியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். பஸ் டிரைவர் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"உங்க பொண்ணு என் பொண்ணை எல்லார் முன்னாடியும் நோயாளின்னு சொல்லிருக்கா. அவ எப்படி ஓடுவானு இந்த ஊருக்கே தெரியும். இப்போ ஸ்கூல்ல டாக்டர் எழுதிக் கொடுத்தாதான் ஓட விடுவோம்னு சொல்றாங்க. வாழ்ற பிள்ளை வாழ்க்கையில இப்படியா மண்ணை அள்ளிப் போடுறது?"

அம்மா ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தாள். கண்ணாடி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். அவர் கையை ஓங்கியது போல இருந்தது. பிறகு அந்தக் கை எங்கே போவது என்று தெரியாமல் தன் தலையையே தடவிக்கொண்டது. செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

டாக்டர் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வால்வு பிறவியிலேயே குறுகலாக இருந்ததாம். வளர வளர, ஓட ஓட, அந்தக் குறுகிய வழியில் ரத்தம் முட்டி மோதிக்கொண்டுதான் போயிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் இதயம் நின்றுபோயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றினார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை. அடிபட்டால் ரத்தம் சட்டென்று நிற்காது, அதனால் விளையாட்டு வேண்டாம். ஓட்டம் கூடவே கூடாது.

குதிரையின் அப்பா மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். அம்மா உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார். பழப் பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியின் தலையில் கையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். "எவ்வளவு பெரிய காரியம் பண்ணிருக்கே, எனக்கே தெரியாமப் போச்சே" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பழத்தில் ஒன்றைக்கூடக் கண்ணாடியால் தின்ன முடியவில்லை. பேக்கரிக்கு எடுத்துப் போய்க் கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள்.

பள்ளியிலும் அவளைச் சும்மா விடவில்லை. சவால் வாரத்தின் முதல் பரிசு அவர்கள் குழுவுக்குத்தான். தலைமை ஆசிரியர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, ஓர் எளிய புனல் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று நீளமாகப் பேசினார். பள்ளி முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவர், "கொஞ்சம் சிரிம்மா" என்று கெஞ்சிப் பார்த்தார். பக்கத்தில் ரேடியோ இருந்தான். வாழ்நாளில் முதல்தடவையாக அவனும் வாயைத் திறக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கும்போது மெதுவாக, "போய்ப் பாத்தியா அவளை?" என்று கேட்டான்.

போய்ப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வார்டில், கழுத்து வரைக்கும் போர்வையோடு குதிரை படுத்திருந்தாள். முகம் பாதியாகிவிட்டிருந்தது. கண்ணாடி கட்டிலருகே வந்ததும் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். நெஞ்சில் தையல் போட்டவளுக்குத் திரும்பிப் படுப்பது எவ்வளவு வலித்திருக்கும்! பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். அத்தை, "தூக்கக் கலக்கம்மா" என்று சமாளித்தாள். கண்ணாடி கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்துவிட்டாள்.

விளையாட்டு ஹாஸ்டலுக்கு வேறு யாரோ ஒரு பெண் போனாள். குதிரையின் தம்பி அத்தை வீட்டுக்குப் போகவில்லை. அக்காவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அவனை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

பத்தாம் வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் குதிரை பள்ளிக்குத் திரும்பி வந்தாள். சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தாள். வெயிலிலும் அதைக் கழற்றவில்லை. மைதானம் தெரிகிற ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அவள் ஓடியது தெரியாது. குதிரை என்கிற பெயருக்கு என்ன காரணம் என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எல்லோரும் அவளைச் சொந்தப் பெயரிலேயே கூப்பிடத் தொடங்கினார்கள். கண்ணாடிக்கு மட்டும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. அவள் எதையும் சொல்லிக் கூப்பிடுவதற்கான சந்தர்ப்பமும் வரவில்லை.

பத்தாம் வகுப்பு மாடியில் இருந்தது. ஒருநாள் மணி அடித்த பிறகு கண்ணாடி அவசரமாகப் படியேறி வந்தபோது, முன்னால் குதிரை போய்க்கொண்டிருந்தாள். கைப்பிடியைப் பிடித்தபடி சில படி ஏறுவாள், நிற்பாள், மறுபடி ஏறுவாள். கண்ணாடி அவளைத் தாண்டிப் போக மனம் வராமல், அவள் நிற்கும்போது நின்று, ஏறும்போது ஏறிப் பின்னாலேயே வந்தாள். திருப்பத்தில் குதிரை நின்றுவிட்டாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீ சொல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"டாக்டர் சொன்னாரே."

"டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். நீ சொல்லு."

"செத்துப் போயிருப்பே."

"எப்போ? ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கண்ணாடி கைப்பிடியின் துருவை நகத்தால் சுரண்டினாள்.

"பின்னாடியா இருந்திருந்தாப் பரவாயில்ல" என்றாள் குதிரை. கோபமே இல்லாமல், விலை விசாரிப்பது போலச் சொன்னாள். "நீ பண்ணினது தப்புனு நான் சொல்லல. எல்லாரும் சரினுதான் சொல்றாங்க. அப்பா வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் உன் கதையைத்தான் சொல்றாரு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. ஆனா எனக்கு உன்னைப் பாக்க முடியல. முயற்சி பண்ணிட்டேன். முடியல."

"நான் வேற என்னதான் செஞ்சிருக்க முடியும்?"

"ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது." குதிரை கைப்பிடியிலிருந்து நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். "முன்னாடி போ. பின்னால யாராவது வந்தா எனக்கு மூச்சு முட்டுது."

கண்ணாடி அவளைக் கடந்து போனாள். கடக்கும்போது இரண்டு பேர் தோளும் உரசின. முதல் சில படிகளை மெதுவாக ஏறினாள். கீழே இருந்து சத்தமே வரவில்லை. அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். வகுப்பறைக்குள் அறிவியல் டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவ வர்றாளா?" என்று கேட்டார்.

"வர்றா டீச்சர். கொஞ்சம் நேரமாகும்."

கண்ணாடி தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். டீச்சர் பாடத்தைத் தொடங்கிவிட்டார்.